ஆர்ஸ்பேம்டி: வைத்து நடத்திப் பார்த்தவனின் விமர்சனம்

சொந்தமாக மெயில் சர்வர் நடத்துகிற யாரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் ஸ்பேமில்தான் வந்து நிற்கும். நான் திருப்பூர், கோயம்புத்தூர் பக்கம் சின்னச் சின்ன ஏற்றுமதி கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் போட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவன். எல்லா இடத்திலும் இப்போது ஆர்ஸ்பேம்டிதான் ஓடுகிறது. அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பேம் வடிகட்டி மென்பொருள் இது. எப்படி நிறுவுவது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வைத்து நடத்தினால் எப்படி இருக்கும் என்று தமிழில் சொல்ல ஆள் குறைவு, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நன்றாக இருக்கிறது, தாராளமாக வையுங்கள். ஆனால் நிறையப் பேர் நிறுவிய கையோடு ஸ்கோரில், அதாவது மெயிலுக்கு அது போடும் ஸ்பேம் புள்ளிக் கணக்கில், கை வைக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். கூடவே வரும் ஸ்கோர்களை அப்படியே விட்டுவிட்டு டிஎன்எஸ்ஸையும் (டொமைன், ஐபி பற்றிய கேள்விகளுக்குப் பதில் தரும் அமைப்பு) பேயஸ் பயிற்சியையும் (எது ஸ்பேம், எது நல்லது என்று நம் மெயிலைக் காட்டிக் கற்றுக்கொடுப்பது) ஒழுங்காகச் செய்யுங்கள், தொல்லையில் பெரும்பகுதி தானாக ஓய்ந்துவிடும்.

தெரியாதவர்களுக்காக ரெண்டு வரி. 2008-இல் விசெவலோத் ஸ்டாகோவ் என்பவர் தொடங்கிய திட்டம் இது. மையப்பகுதி சி மொழியில், விதிகள் பெரும்பாலும் லுவாவில். இதற்கு முன்னால் எல்லோரும் வைத்திருந்தது ஸ்பேம் அசாசின், 2001-இல் வந்தது, பெர்லில் எழுதியது. ஸ்பேம் வடிகட்டிக்கு நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் டிஎன்எஸ் பதிலுக்குக் காத்திருப்பதில்தான் போகும். ஒரு மெயிலுக்கே பத்திருபது கேள்விகள் கேட்க வேண்டும்: இந்த ஐபி எந்தக் கருப்புப் பட்டியலிலாவது இருக்கிறதா, உள்ளே இருக்கும் இணைப்பின் டொமைன் எப்படிப்பட்டது, டொமைன் பெயரில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று காட்டும் எஸ்பிஎஃப் என்ன சொல்கிறது, மெயில் அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்துக்கான சாவி எங்கே. ஆர்ஸ்பேம்டி இத்தனையையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த மெயிலைக் கையில் எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி ரேம் உள்ள சின்ன விபிஎஸ்ஸில்கூட (வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்) அலட்டிக்கொள்ளாமல் ஓடுவது இதனால்தான். கூடவே ரெடிஸ் என்ற தரவுச் சேமிப்பு மென்பொருள் வேண்டும், பேயஸ், கிரேலிஸ்ட், ஹிஸ்டரி எல்லாம் அங்கேதான் சேமிக்கிறது.

வேலை செய்யும் முறை எளிமையானது. ஒவ்வொரு விதியும் ஒரு சிம்பல். சிம்பல் பொருந்தினால் அதற்கான புள்ளி கூடும் அல்லது குறையும். மொத்தம் 4-ஐத் தொட்டால் கிரேலிஸ்ட், அதாவது இப்போது போய்விட்டு அப்புறம் வா என்று அனுப்புகிற சர்வரிடம் சொல்லிவிடும். 6-ஐத் தொட்டால் மெயிலை வாங்கிக்கொண்டு ஸ்பேம் என்று ஒரு ஹெடரை, அதாவது தலைப்புக் குறிப்பை, போடும். 15-ஐத் தொட்டால் வாசலிலேயே ரிஜெக்ட். இந்த மூன்று எண்களைத்தான் எல்லோரும் முதல் நாளே மாற்றுகிறார்கள். ஸ்பேம் அசாசினில் 5 என்பதே எல்லை, இங்கே 15 என்றால் ரொம்பத் தாராளமாக இருக்கிறதே என்று நினைத்து 8-க்கோ 10-க்கோ இறக்கிவிடுகிறார்கள். அங்கே 5 என்பது ஸ்பேம் என்று குறிப்பதற்கான எல்லை, இங்கே 15 என்பது கதவைச் சாத்துவதற்கான எல்லை, ரெண்டும் வேறு வேலை. இறக்கிவிட்டால் அடுத்த வாரமே கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும், டையிங் யூனிட் (சாயப்பட்டறை) அனுப்பிய பில் வரவில்லை என்று.

டையிங் யூனிட் பில் ஏன் மாட்டும் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆர்ஸ்பேம்டியில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே இங்கேதான் இருக்கிறது. வெப் பக்கத்தில் ஹிஸ்டரி என்று ஒரு பகுதி உண்டு. எந்த மெயிலின் மேல் சொடுக்கினாலும் அதற்கு ஏன் அந்த ஸ்கோர் வந்தது என்று சிம்பல் சிம்பலாகப் பிரித்துக் காட்டும். அப்படி ஒரு பில் மெயில்: பழைய கணக்கு மென்பொருளிலிருந்து நேராகக் கிளம்பியது, மெயிலின் தனி அடையாளமான மெசேஜ் ஐடி இல்லை, அதற்கு 2.5. அனுப்பிய இணைப்பின் ஐபிக்கு ஒழுங்கான ஹோஸ்ட் பெயர் கிடையாது, அதற்கு இன்னொரு 2.5. சப்ஜெக்ட் முழுக்கப் பெரிய எழுத்து, அதற்கும் கொஞ்சம். உள்ளே ஒரு வரி எழுத்துகூட இல்லை, ஒரு பிடிஎஃப் மட்டும். கூட்டிப் பார்த்தால் 6-ஐத் தாண்டிவிட்டது, ஜங்கில் போய் உட்கார்ந்துவிட்டது. அனுப்பியவர் நல்லவர், அவருடைய மென்பொருள்தான் ஸ்பேம் அனுப்புகிறவனைப் போலவே நடந்துகொள்கிறது. இதைப் பார்த்த உடனே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது, யாரிடம் பேச வேண்டும் என்றும் தெரிந்துவிடுகிறது. சிம்பல் ஸ்கோரை மாற்றினால் இதே குணம் உள்ள உண்மையான ஸ்பேம் அத்தனையும் உள்ளே வந்துவிடும். அந்த யூனிட்டுக்குப் போன் போட்டு, மெயிலை முறையான சர்வர் வழியாக அனுப்பச் சொல்வதுதான் சரி. அது நடக்கிற வரைக்கும் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதும்.

ஹிஸ்டரியில் குறை ஒன்று. நிறுவியபடியே விட்டால் கடைசி 200 மெயில்களைத்தான் வைத்திருக்கும். காலையில் வந்து, நேற்று மதியம் வந்த மெயில் என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் அது எப்போதோ உருண்டு போயிருக்கும். ஹிஸ்டரி ரெடிஸ் அமைப்பில் வரிசைகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிடுங்கள். இதை முதல் நாளே செய்ய வேண்டும்.

அப்புறம் ரிஜெக்ட் பற்றி. இதற்கு முன்னால் ஒரு கம்பெனி ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றின் மெயில் சேவையில் இருந்தது. அங்கே ஸ்பேம் என்று சந்தேகப்பட்டால் மெயிலை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போட்டுவிடுவார்கள். இன்பாக்ஸிலும் வராது, ஜங்கிலும் வராது, அனுப்பியவருக்கும் தகவல் போகாது. ஐரோப்பாவிலிருந்து ஒரு பையர் சாம்பிளுக்கு மாற்றம் சொல்லி அனுப்பிய மெயில் அப்படிக் காணாமல் போனது, அவர் இவர்கள் அலட்சியம் என்று நினைத்தார், இவர்கள் அவர் பதில் போடவில்லை என்று நினைத்துக் காத்திருந்தார்கள். சப்போர்ட்டில் கேட்டால், எங்கள் லாகில் டெலிவர்ட் என்றுதான் இருக்கிறது என்று பதில். என்னைப் பொறுத்தவரை மெயில் வேலையில் இதைவிட மோசமான குற்றம் கிடையாது. மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளோடு மில்டர் என்ற இணைப்பு வழியாக ஆர்ஸ்பேம்டியை இணைத்தால், ரெண்டு சர்வர்களுக்கு இடையே எஸ்எம்டிபி பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முடிவு எடுத்துவிடுகிறது. வேண்டாம் என்றால் 554 என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். அனுப்பியவர் உண்மையான ஆளாக இருந்தால் அவருடைய சர்வரே அவருக்குத் திரும்பி வந்த மெயிலைக் காட்டும், அவர் போன் எடுத்துப் பேசுவார். வாங்கிய பிறகு நாமே திருப்பி அனுப்பினால் அது போலி முகவரிகளுக்குப் போய் நாமே ஸ்பேம் அனுப்பியதாக ஆகிவிடும், அந்தத் தொல்லையும் இல்லை. மில்டர் முகவரி லோக்கல் ஹோஸ்ட்டில், அதாவது அதே சர்வரில், போர்ட் 11332. ஆர்ஸ்பேம்டி செத்துப்போனால் என்ன செய்வது என்ற அமைப்பை மட்டும் யோசித்து வையுங்கள். நான் வடிகட்டாமல் உள்ளே விடு என்றுதான் வைத்திருக்கிறேன், கூடவே அது ஓடுகிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்பும் உண்டு.

இப்போது டிஎன்எஸ். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

விபிஎஸ் வாங்கினால் அதில் ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் சர்வர்) முகவரியாகப் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவான 8.8.8.8 அல்லது 1.1.1.1 இருக்கும். பிரவுசருக்கு அது போதும். ஸ்பேம்ஹவுஸ் மாதிரிக் கருப்புப் பட்டியல்களுக்கு அது ஆகவே ஆகாது. இலவசமாகக் கேட்கிறவர்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அவர்கள் கணக்கு வைக்கிறார்கள். பொது ரிசால்வர் வழியாகக் கேட்டால் யார் கேட்கிறார்கள் என்றே தெரியாது, அதனால் அங்கிருந்து வரும் கேள்விகளுக்கு 127.255.255.254 என்று ஒரு பதிலைக் கொடுத்துவிடுவார்கள். அது, நீ கேட்கும் வழி சரியில்லை என்று சொல்லும் குறியீடு, ஐபி பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆர்ஸ்பேம்டிக்கு இந்த வித்தியாசம் தெரியும், ஓப்பன் ரிசால்வர் தடுக்கப்பட்டது என்று தனியாக ஒரு சிம்பலைக் காட்டிவிட்டுப் புள்ளி போடாமல் விட்டுவிடும். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸில் நேரடியாகக் கருப்புப் பட்டியல் வரி எழுதி, எந்தப் பதில் வந்தால் தடுக்க வேண்டும் என்று குறிப்பிடாமல் விட்டவர்கள் கதி வேறு. ஏதோ ஒரு பதில் வந்தாலே அது தடுத்துவிடும், வருகிற மெயில் அத்தனையும் வாசலோடு திரும்பிப் போய்விடும். இப்படித் திடீரென்று மெயிலே வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான்.

தீர்வு ஒன்றுதான்: அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளை நிறுவி, அது வேறு யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல் நேராக டிஎன்எஸ்ஸின் ரூட் சர்வர்களிலிருந்து தேடும்படி வைத்து, ஆர்ஸ்பேம்டியின் ரிசால்வராக 127.0.0.1-ஐக் கொடுங்கள். இதைச் செய்த அன்றே ஹிஸ்டரியில் வித்தியாசம் தெரியும், அதுவரைக்கும் 3, 4 என்று தவழ்ந்து உள்ளே வந்த குப்பையெல்லாம் 10-ஐத் தாண்ட ஆரம்பிக்கும். ஸ்பேம்ஹவுஸின் இலவசப் பயன்பாடு குறைந்த அளவுக்கும் வணிகமல்லாத உபயோகத்துக்கும்தான், கம்பெனிக்காக வைக்கிறீர்கள் என்றால் அவர்களுடைய டிக்யூஎஸ் சேவையில் பதிவு செய்து ஒரு சாவி வாங்கிக்கொள்வது முறை. சாவி வைத்துக் கேட்டால் பொது ரிசால்வர் பிரச்சினையும் இல்லை, பிறந்து ஒரு நாள்கூட ஆகாத டொமைன்களைக் காட்டும் பட்டியலும் கூடுதலாகக் கிடைக்கும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய கட்டுரைகளைப் பார்த்துப் பத்துப் பட்டியலைச் சேர்க்காதீர்கள். ஓஆர்டிபி (ORDB) என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது, மூடிய பிறகும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்களை நிறுத்துவதற்காக 2008 மார்ச்சில் எல்லா ஐபிக்கும் ஆம் என்று பதில் சொல்ல ஆரம்பித்தது. அதை வைத்திருந்த சர்வர்களில் நல்ல மெயில்கூட நுழையவில்லை. சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது, இன்னும் எத்தனையோ கட்டுரைகளில் அதைச் சேர்க்கச் சொல்லி வரி இருக்கிறது. ஆர்ஸ்பேம்டியோடு வரும் பட்டியல்கள் புதுப் பதிப்பு வரும்போது சரிபார்க்கப்படுகின்றன, அதனாலேயே அதைத் தொடாமல் விடச் சொல்கிறேன்.

அடுத்தது பேயஸ். இது நம்முடைய மெயிலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பகுதி, தனித்தனி வார்த்தைகளை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வரும் வார்த்தை ஜோடிகளையும் எடுத்துக்கொள்ளும். ஸ்பேம் 200, நல்ல மெயில் 200 என்று ரெண்டு பக்கமும் கற்ற பிறகுதான் வாயைத் திறக்கும், அதுவரைக்கும் அமைதியாக இருக்கும். நிறைய பேர் ஸ்பேமை மட்டும் ஆசை ஆசையாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, பேயஸ் வேலையே செய்யவில்லை என்கிறார்கள். நல்ல மெயிலையும் கொடுங்கள், அதுவும் முதலில் கொடுங்கள். பழைய இன்பாக்ஸில் பையர்களோடு நடந்த பேச்சு, ஷிப்பிங் ஏஜென்ட் அனுப்பிய ஆவணங்கள், வங்கிக் கடிதங்கள் எல்லாம் வருடக்கணக்கில் கிடக்கும், அதையெல்லாம் ஆர்ஸ்பேம்சி கட்டளையால் ஊட்டிவிட்டால் அந்தக் கம்பெனியின் பேச்சு எப்படி இருக்கும் என்று அதற்குப் பிடிபட்டுவிடும். ஜிஎஸ்எம், காம்பேக்டிங், சிஎம்டி விலை, எஃப்ஓபி தூத்துக்குடி இந்த மாதிரித் தொழில் வார்த்தைகள் எந்த ஸ்பேமிலும் ஒன்றாக வராது. தமிழில் எழுதிய மெயில்களும் அப்படித்தான், என் சர்வர்களுக்கு வரும் ஸ்பேம் அநேகமாக முழுக்க ஆங்கிலம், அதனால் தமிழ் எழுத்து உள்ளே இருந்தாலே பேயஸ் நல்ல மெயில் பக்கம் சாய்ந்துவிடுகிறது. மெயில் நல்லது என்று உறுதியாகத் தெரிந்தால் பேயஸ் 3 புள்ளி வரை குறைக்கும், ஸ்பேம் என்று உறுதியானால் 5.1 வரை கூட்டும். மேலே சொன்ன டையிங் யூனிட் பில்லில் நாலு வரி எழுதியிருந்தால் பேயஸே அதைக் காப்பாற்றியிருக்கும்.

தொடர்ந்து கற்றுக்கொடுக்க, மெயில்பாக்ஸைப் பார்த்துக்கொள்ளும் டவ்காட் மென்பொருளில் ஐமேப்சீவ் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் மெயிலை ஜங்க் ஃபோல்டருக்கு நகர்த்தினால் ஸ்பேம் என்று கற்றுக்கொள்ளும், ஜங்கிலிருந்து வெளியே எடுத்தால் நல்லது என்று கற்றுக்கொள்ளும். அமைத்துவிட்டால் ஊழியர்களுக்குச் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம்தான், ஸ்பேமை டெலிட் செய்யாதீர்கள், ஜங்கில் போடுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: தான் விரும்பிப் பதிவு செய்த செய்திமடல் சலித்துப்போனால் அதையும் ஜங்கில் தள்ளுகிறவர்கள் உண்டு. எல்லோருக்கும் ஒரே பேயஸ் என்பதால் இன்னொருவருக்குத் தேவையான கண்காட்சி அழைப்பு இதனால் மாட்டும். அலுவலகத்தில் உட்கார வைத்து ஒருமுறை விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். டவ்காட் 2.4-க்கு மாறியவர்கள் கவனிக்கவும், கான்ஃபிக் (அமைப்பு ஃபைல்) எழுதும் முறையே மாறிவிட்டது, 2.3-க்கு எழுதிய வரிகளை ஒட்டினால் டவ்காட் எழுந்தே நிற்காது.

கிரேலிஸ்ட் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஓடிபி தாமதமாக வரும் என்பதால். போஸ்ட்கிரே என்ற பழைய கிரேலிஸ்ட் மென்பொருளின் காலத்தில் அது நியாயமான புகார், புதிதாக வருகிற எல்லோரையும் அது காக்க வைத்தது. ஆர்ஸ்பேம்டி 4 புள்ளிக்கு மேல் சந்தேகம் வந்தவர்களை மட்டும்தான் நிறுத்துகிறது, ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டு வரும் வங்கி ஓடிபி அந்தப் பக்கமே போவதில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் விட்டுவிடும், பெரிய நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஐபியிலிருந்து வந்தாலும் ஐபியை ஒரு பெரிய வட்டாரமாகத்தான் பார்க்கிறது என்பதால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்குள் கருப்புப் பட்டியல்களில் புது ஐபி பல நேரம் ஏறிவிடும், அதுதான் கிரேலிஸ்ட்டால் எனக்குக் கிடைக்கும் உண்மையான லாபம்.

விலக்குப் பட்டியல் எழுதும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். பையரின் டொமைனிலிருந்து வந்தால் விட்டுவிடு என்று ஃப்ரம் முகவரியை வைத்து எழுதினால், அந்தப் பெயரைப் போலியாகப் போட்டு வருகிறவனுக்கும் நாமே கதவைத் திறந்து வைத்ததாகிவிடும். ஆர்ஸ்பேம்டியில் ஒயிட்லிஸ்ட் மாட்யூல் என்று தனியாக இருக்கிறது. டொமைனும் பொருந்தி, டிகேஐஎம் கையெழுத்தும் சரியாக இருந்தால்தான் புள்ளியைக் குறைக்கும். அதையே பயன்படுத்துங்கள். டிஎம்ஆர்க்கிலும் (எஸ்பிஎஃப், டிகேஐஎம் பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று டொமைன்காரர் அறிவிக்கும் கொள்கை) ஒன்று கவனிக்க வேண்டும், அனுப்பும் டொமைன் ரிஜெக்ட் செய் என்று கொள்கை வைத்திருந்தாலும் ஆர்ஸ்பேம்டி இயல்பாக 2 புள்ளி மட்டும்தான் போடும். வங்கி, வரித்துறை பெயரில் வரும் போலிகளைத் தடுக்க அதை ரிஜெக்ட் ஆக்கலாம், ஆனால் மெயிலிங் லிஸ்ட், ஃபார்வர்ட் வழியாக நிறைய மெயில் வரும் இடம் என்றால் நல்லதும் சேர்ந்து போகும், யோசித்துச் செய்யுங்கள்.

குறை என்று சொன்னால் கான்ஃபிக்தான் முதல் குறை. லோக்கல்.டி, ஓவர்ரைடு.டி என்று ரெண்டு இடம். முதலாவதில் எழுதினால் இயல்பான அமைப்போடு கலந்துகொள்ளும், ரெண்டாவதில் எழுதினால் அதற்கு மேல் ஏறி உட்காரும். லோக்கல்.டி ஃபைலுக்குள் எழுதும்போது அந்தப் பகுதியின் பெயரைத் திரும்பப் போட்டு அடைப்புக்குறிக்குள் எழுதக் கூடாது, வெறும் வரிகளாகத்தான் எழுத வேண்டும். இணையத்தில் பாதிக் கட்டுரைகள் முதன்மை ஃபைலிலிருந்து அப்படியே அடைப்புக்குறியோடு எடுத்துப் போட்டிருக்கும், அதை ஒட்டினால் பிழை எதுவும் காட்டாது, அமைப்பும் வேலை செய்யாது, ஆள் நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்வார். அதிகாரபூர்வ ஆவணம் விரிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மாட்யூலுக்கு ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கிறது, புதிதாக வருகிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. காப்பாற்றுவது ஆர்ஸ்பேமாடம் கட்டளை. அதில் கான்ஃபிக்டம்ப் என்று கொடுத்தால் எல்லா ஃபைலும் கலந்து கடைசியில் என்ன நிற்கிறது என்று காட்டிவிடும். நாம் எழுதிய வரி அதில் தெரியவில்லை என்றால் அது இல்லவே இல்லை என்று அர்த்தம். வெப் பக்கம் போர்ட் 11334-இல் ஓடுகிறது, அதை வெளியுலகத்துக்குத் திறந்துவிடாமல் எஸ்எஸ்எச் டன்னல் என்ற பாதுகாப்பான பாதை வழியாகப் பாருங்கள். டெபியனோடு வரும் பழைய பேக்கேஜைவிட திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவுவது நல்லது, அவர்களே அதைத்தான் சொல்கிறார்கள்.

வெளியே போகும் மெயிலையும் இதன் வழியாக விடுங்கள். ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஒருவரின் பாஸ்வேர்டு திருட்டுப் போய், ராத்திரியோடு ராத்திரியாக அந்தக் கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை கிளம்பியது, காலையில் சர்வர் ஐபி கருப்புப் பட்டியல்களில் ஏறிவிட்டது, எந்தப் பையருக்கும் மெயில் போகவில்லை. சீசன் நேரத்தில் அது எப்பேர்ப்பட்ட நஷ்டம் என்று ஏற்றுமதி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அங்கே ரேட்லிமிட் மாட்யூலை அமைத்தோம், ஒரு பயனருக்கு மணிக்கு இத்தனை என்று எல்லை. தாண்டினால் தற்காலிகமாக நிறுத்திவைக்கும், நல்ல மெயிலாக இருந்தாலும் தாமதமாகுமே தவிரத் தொலையாது. டிகேஐஎம் கையெழுத்தையும் ஆர்ஸ்பேம்டியே போட்டுவிடும், 2015-க்குப் பிறகு நிலையான புதுப் பதிப்பே வராத, அந்த வேலைக்கென்றே தனியாக இருந்த ஓப்பன்டிகேஐஎம்மைத் தூக்கிவிடலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புகிறவர்களிடம் கண்டிப்பு காட்டுவதால் இது இனி விருப்பப்பட்டால் செய்கிற வேலை இல்லை. சாவியை 2048 பிட்டாக உருவாக்குங்கள்.

ஆர்ஸ்பேம்டியின் கையில் சிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்றுமதிக்காரர்களுக்கு உண்மையான பயம் மாத்திரை விற்கும் ஸ்பேம் இல்லை, வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது, இனிமேல் இந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள் என்று வரும் மெயில்தான். பையரின் டொமைனில் எம் (m) என்ற எழுத்து இருந்தால் அதற்குப் பதிலாக ஆர், என் (rn) ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு டொமைன் வாங்கிவிடுகிறான். சின்னத் திரையில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. டொமைன் அவனுடையதே என்பதால் எஸ்பிஎஃப் சரி, டிகேஐஎம் சரி, டிஎம்ஆர்க்கும் சரி. நடை சுத்தமான வணிக ஆங்கிலம், பழைய மெயில் திரெட்டையே கீழே ஒட்டியிருப்பான், அதனால் பேயஸ் புள்ளியைக் குறைத்துக்கூட விடும். ஆர்ஸ்பேம்டி இதற்கு 1 புள்ளிகூடப் போடாமல் இன்பாக்ஸில் கொண்டுபோய் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். முக்கியமான பையர்களின் டொமைன்களுக்கு இப்படிப் போலியாக எழுதக்கூடிய வடிவங்களை மல்டிமேப் மாட்யூலில் ரெஜெக்ஸாக (எழுத்து வடிவத்தைத் தேடும் விதியாக) எழுதி வைக்கலாம், நான் எழுதியிருக்கிறேன், டிக்யூஎஸ்ஸின் புது டொமைன் பட்டியலும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனாலும் கணக்கு எண் மாற்றம் என்று மெயில் வந்தால், அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாமல், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்றுதான் எல்லா கம்பெனியிலும் சொல்லிவைத்திருக்கிறேன். வடிகட்டியை நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

ஸ்பேம் அசாசின் வைத்திருப்பவர்கள் உடனே மாற வேண்டுமா என்றால், ஓடுகிறது, புகார் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். 2022 டிசம்பரில் 4.0 வந்தது, திட்டம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் விதிகளை அவ்வப்போது புதுப்பிக்காமல் விட்டவர்கள் 2010 ஜனவரி 1-ஐ நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். 2010 என்பதை ரொம்பத் தூரத்து எதிர்காலம் என்று எழுதி வைத்திருந்த ஒரு பழைய விதி, அன்று காலை முதல் எல்லா நல்ல மெயிலுக்கும் 3 புள்ளிக்கு மேல் ஏற்றிவிட்டது. ஐந்தாறு முகவரி மட்டும் உள்ள வீட்டு சர்வர், பெர்ல் பழகிய கை என்றால் அதுவே போதும். புதிதாக சர்வர் போடுகிறீர்கள் என்றால் ஆர்ஸ்பேம்டியிலேயே தொடங்குங்கள். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கோர்க்க நேரமில்லாதவர்களுக்கு எல்லாம் ஒரே தொகுப்பாக வரும் மெயில்கவ் இருக்கிறது, அதற்குள் ஆர்ஸ்பேம்டி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வைரஸ் சோதனைக்கு கிளாம்ஏவியும் சேர்க்க நினைத்தால் அது ஒன்றே 1 ஜிபிக்கு மேல் ரேம் எடுக்கும், 2 ஜிபி சர்வரில் அதைச் செய்யாதீர்கள், 4 ஜிபிக்குப் போங்கள்.

புதிய பதிப்புகளில் ஜிபிடி மாட்யூல் ஒன்றும் வந்திருக்கிறது, மெயிலின் உள்ளடக்கத்தை வெளியே உள்ள மொழி மாதிரியிடம் கொடுத்து ஸ்பேமா என்று கேட்கும். நான் அதை இயக்கவில்லை. பையரின் விலைப்பட்டியலும் டிசைன் பேச்சும் உள்ள மெயிலை அவர்களைக் கேட்காமல் மூன்றாவது இடத்துக்கு அனுப்ப எனக்கு உரிமை இல்லை.

கடைசியாக ஒன்று, சர்வர் மாற்றும்போது போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் கான்ஃபிக், மெயில்பாக்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ரெடிஸை விட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்த பேயஸ் முழுக்க ரெடிஸின் டம்ப் ஃபைலில்தான் இருக்கிறது. அதையும் தினசரி பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள். ரெடிஸுக்கு நினைவக எல்லை வைக்கும்போது, காலாவதி நேரம் குறிக்கப்பட்ட தரவை மட்டும் நீக்கும்படி வைத்தால்தான் நெருக்கடி வந்தாலும் கிரேலிஸ்ட் குறிப்புகள் போகுமே தவிர, காலாவதி போடாத பேயஸ் தரவு தங்கும்.